காசு போடாமல் கரண்டும் தண்ணியும் மிச்சம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். மைக் பிடித்துப் பேசிப் பழக்கம் இல்லை. "காசு செலவு இல்லாமல் வீட்டில் கரண்டும் தண்ணியும் மிச்சம் பண்ணுவது எப்படி" என்று பேசச் சொன்னார்கள். எனக்கு என்ன தெரியும் என்று தயங்கினேன். எங்கள் குழு ஊக்குநர் அக்கா, "நீ உன் வீட்டில செஞ்சதைச் சொல்லு, அது போதும்" என்றார். அதனால் நான் செய்ததை மட்டும் சொல்கிறேன். புதுசா எதையும் வாங்கச் சொல்ல மாட்டேன். கரண்டு குறைவாக எடுக்கிற மின்விசிறி கடையில் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அதை வாங்கக் கையில் காசு வேண்டுமே. நான் பேசப்போவது காசில்லாதபோது செய்யக்கூடியதைப் பற்றி.

முந்தின வருஷத்துக்கு முந்தின கோடையில் எங்கள் வீட்டுக்கு வந்த கரண்டு கணக்கு 268 யூனிட். வழக்கமாக 200-க்குள் நிற்கும். அந்தத் தடவை பணம் 500 ரூபாயைத் தாண்டிவிட்டது. பெரிய வீட்டுக்காரர்களுக்கு இது ஒரு தொகையே இல்லை. எனக்கு அந்த வாரம்தான் குழுக் கடன் தவணை கட்ட வேண்டும். பில்லைக் கட்டிவிட்டு, கூட்டத்துக்குத் தவணைப் பணமும் இல்லாமல் சேமிப்புப் பணமும் இல்லாமல் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த தங்கச்சி எனக்காகப் போட்டாள். ஏழு வருஷத்தில் என் பேருக்கு நேராக ஒரு வாரம்கூட விட்டுப்போனது கிடையாது. அன்றைக்குத் தலை நிமிரவே முடியவில்லை.

அந்தக் கோபத்தை வீட்டில் கொண்டுவந்து யார் மேல் காட்டினேன் தெரியுமா? எங்கள் அத்தை மேல். எழுபது வயசைத் தாண்டியவர். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மின்விசிறியைப் போட்டுப் படுப்பார். "நாளெல்லாம் காத்தாடி ஓடினா பில்லு ஏறாம என்ன செய்யும்?" என்று அவர் காதில் விழுகிற மாதிரி சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து சுவிட்சை நிறுத்தினார். மறுநாளிலிருந்து மத்தியானம் திண்ணையில் பனை விசிறியோடு உட்கார்ந்துவிட்டார். மே மாத வெயில். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சரி, கரண்டு மிச்சம் என்று மனதில் நினைத்தேன். இதை உங்கள் முன்னால் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அது பாதிப் பேச்சு.

அடுத்த வாரக் கூட்டத்தில் ஊக்குநர் அக்காவிடம் புலம்பினேன். அவர் ஒரு கேள்வி கேட்டார். "குழுப் பணத்துல பத்து ரூபா குறைஞ்சா நாம முதல்ல என்ன செய்வோம்? யாரையாவது சத்தம் போடுவோமா, நோட்டைப் பார்ப்போமா?" நோட்டைப் பார்ப்போம் என்றேன். "அப்ப உன் வீட்டுக் கரண்டுக்கு நோட்டு எங்க?" என்றார்.

அன்று சாயங்காலமே மகளுடைய பழைய நோட்டில் மிச்சம் இருந்த பக்கங்களைத் தைத்து எடுத்தேன். தினமும் ஆறு மணிக்கு மீட்டரில் இருக்கிற எண்ணை எழுதினேன். நேற்றைய எண்ணை அதில் கழித்தால் இன்றைய செலவு. நம்ம குழுவில் கணக்கு எழுதுகிற யாராலும் இதைச் செய்ய முடியும்.

யூனிட் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 100 வாட் சாமான் பத்து மணி நேரம் ஓடினாலும் அதே ஒரு யூனிட்தான். சாமானின் பின்பக்கம் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். அதை ஓடுகிற மணி நேரத்தால் பெருக்கி, 1000-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2016-ல் நம் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வந்தது. எனக்கு அந்தப் பில் வந்தபோது அதற்கு மேல் 200 வரைக்கும் ஒரு விலை இருந்தது. 200-ஐத் தாண்டினால் தாண்டுகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் விலை ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. அதனால் நாம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இருட்டில் உட்கார வேண்டியதில்லை. மேலே தாண்டுகிற அந்த யூனிட்டைக் குறைத்தால் போதும். எனக்குத் தாண்டினது 68.

நோட்டும் கையுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அத்தையின் மின்விசிறி பழசு, 75 வாட். மத்தியானம் 4 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். 60 நாளைக்கு 18 யூனிட். சரி, அடுத்தது என்ன என்று பார்த்தேன். கொல்லையில் மாட்டுக் கொட்டகையில் ஒரு குண்டு பல்பு, 60 வாட். ராத்திரி முழுக்க, பத்து மணி நேரம் எரியும். 60 நாளைக்கு 36 யூனிட்! மாட்டுக்கு எரிந்தது 36, மனுஷிக்கு ஓடினது 18. நான் சத்தம் போட்டது மனுஷியை.

அந்தப் பல்பை அணைத்துவிடலாமா என்றால் முடியாது. கக்கூஸ் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ராத்திரியில் நானும் மகளும் அத்தையும் அந்த வெளிச்சத்தில்தான் போய் வர வேண்டும். பூச்சி பொட்டு நடமாட்டமும் உண்டு. வீட்டில் வேறு எங்கே பல்பு இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தேன். நெல் மூட்டை போடுகிற அறையில் ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு! அந்த அறைக்கு நாங்கள் ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம்கூடப் போக மாட்டோம். இரண்டையும் இடம் மாற்றினேன். எல்.இ.டி. கொட்டகைக்கு, குண்டு பல்பு அறைக்கு. செலவு ஒரு பைசா இல்லை. 36 யூனிட் எரிந்த இடத்தில் இப்போது 5 அல்லது 6 யூனிட். குறைவாகக் கரண்டு எடுக்கிற பல்பு அதிக நேரம் எரிகிற இடத்தில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் எந்தப் பல்பு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். மாற்றும்போது சுவிட்சை நிறுத்தி, பல்பு ஆறின பிறகு கையை வையுங்கள்.

அன்று மத்தியானம் அத்தையிடம் போய், "உள்ள வந்து படுங்கத்தை, நான் தப்பா சொல்லிட்டேன்" என்றேன். அவர் நம்பவில்லை. நோட்டைக் காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாது. "36 பெருசா, 18 பெருசா" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "மாட்டையும் திட்டிறாதடி" என்றார்.

அடுத்தது மீட்டர் விளக்கு. மீட்டரில் சின்னதாகச் சிவப்பு விளக்கு மினுக்கும். கரண்டு எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு வேகமாக மினுக்கும். ஒரு நாள் ராத்திரி வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் போய் நின்று பார்த்தேன். அப்போதும் நிதானமாக மினுக்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினோம். டிவியையும், அதற்குப் பக்கத்தில் இருக்கிற செட்டாப் பெட்டியையும் பிடுங்கினதும் நின்றது. ரிமோட்டில் நிறுத்தினால் நின்றுவிட்டது என்று நினைக்கிறோம். அது தூங்குகிறதே தவிர நிற்பதில்லை. அந்த மாதிரி ஒரு 10 வாட் நாள் முழுக்கப் போனால் இரண்டு மாதத்தில் 14 யூனிட். இப்போது டிவி பார்த்து முடித்ததும் சுவரில் இருக்கிற சுவிட்சை நிறுத்துவது என் மகன் பொறுப்பு. எல்லாவற்றையும் பிடுங்கின பிறகும் உங்கள் மீட்டர் மினுக்கினால் ஒயரில் எங்கோ கோளாறு இருக்கலாம். நீங்களே கை வைக்காதீர்கள், ஒயர்மேனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் போர் இருக்கிறது, ஒரு குதிரைத்திறன் மோட்டார், மேலே 500 லிட்டர் தொட்டி. மோட்டாரைப் போட்டுவிட்டு அடுப்பு வேலை பார்ப்பேன், மாட்டுக்குத் தீவனம் போடுவேன், மறந்துவிடுவேன். தொட்டி நிறைந்து ரோட்டில் ஓடின பிறகு யாராவது கத்துவார்கள். அப்போதுதான் ஓடிப்போய் நிறுத்துவேன். இது தினமும் நடக்கிற கதை.

ஒரு நாள் குழுக் கூட்டத்தில் கிழக்குத் தெரு அக்கா ஒருவர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. "உங்க வீட்டுத் தண்ணி ரோட்டுல ஓடுறப்ப எங்க தெருவுல குடம் வரிசையில நிக்குது தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. என் போர், என் கரண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மண்ணுக்கடியில் தண்ணிக்கு வேலி இல்லையே.

மறுநாள் கடிகாரத்தைப் பார்த்து மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிறைய 25 நிமிடம். அப்படியென்றால் ஒரு நிமிடத்துக்கு 20 லிட்டர். நான் மறந்துபோகிற அரை மணி நேரத்தில் ரோட்டில் ஓடுவது 600 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் கிட்டத்தட்ட 11 பேருக்கு ஒரு நாள் வேண்டிய தண்ணியை நான் தினமும் ரோட்டில் விட்டிருக்கிறேன். தண்ணியோடு கரண்டும் போனது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் அரை மணி ஓடினால் ஏறக்குறைய 0.4 யூனிட். 60 நாளைக்கு 24 யூனிட். தண்ணி கொட்டினால் அதை மேலே ஏற்றின கரண்டும் சேர்ந்துதான் கொட்டுகிறது. எனக்கு இது அதுவரைக்கும் தோன்றவே இல்லை.

இப்போது சுவிட்சுக்குப் பக்கத்தில் சுவரில் "25" என்று சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறோம். மோட்டாரைப் போடுகிறவர் செல்போனில் 25 நிமிடத்துக்கு அலாரம் வைக்க வேண்டும். உங்கள் தொட்டிக்கு எத்தனை நிமிடம் என்று ஒரு நாள் பார்த்து எழுதிவிடுங்கள்.

குளியலறைக் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்கக் கூடாது என்று நான்தான் அதில் துணியைக் கட்டிவிட்டிருந்தேன். துணி வழியாகச் சத்தமில்லாமல் சாக்கடைக்குப் போனது. ஒரு ராத்திரி துணியை அவிழ்த்துவிட்டு வாளியை வைத்தேன். காலையில் வாளி நிறைந்து வழிந்திருந்தது. எங்க வீட்டுக்காரரிடம் காட்டினேன். தொட்டி வால்வை மூடிவிட்டு, குழாயைக் கழற்றி, பழைய சைக்கிள் டியூபை வாஷர் அளவுக்கு வெட்டிப் போட்டார். இன்றுவரை சொட்டவில்லை.

பாத்திரம் கழுவுவதையும் அளந்து பார்த்தேன். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினபோது, கீழே அண்டாவை வைத்துப் பிடித்த தண்ணி நாலு குடம். ஒரு அன்னக்கூடையில் தண்ணி வைத்து எச்சிலை அலசி, தேய்த்து, இன்னொன்றில் முங்கி எடுத்தால் ஒன்றரைக் குடம் போதும். நம்ம அம்மாமார் கிணற்றில் இறைத்துக் கழுவின காலத்தில் இப்படித்தான் கழுவினார்கள். குழாய் வந்ததும் நாம் மறந்துவிட்டோம். அரிசி கழுவின தண்ணி மாட்டுக்கு. காய்கறி கழுவின தண்ணி கீரைப் பாத்திக்கு. சோப்புத் தண்ணியைக் கீரைக்கு விட வேண்டாம், வாழைக்கும் தென்னைக்கும் விடலாம்.

2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று அரசு சொன்னது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அப்போது போட்ட குழாய் பல வீட்டில் இன்னும் சுவரில் நிற்கிறது. உள்ளே இலையும் மண்ணும் அடைத்திருக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் மாடியைக் கூட்டி, குழாயைக் குத்திவிட்டால் போதும். நாங்கள் அரை நாளில் செய்து முடித்தோம்.

அடுப்பைப் பற்றியும் கொஞ்சம். பருப்பையும் அரிசியையும் அரை மணி முன்னால் ஊற வைத்தால் சீக்கிரம் வேகும். கொதி வந்த பிறகு தீயைக் குறைத்துவிடுங்கள். பெரிய தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் தண்ணி அதற்கு மேல் சூடாகாது, ஆவியாகத்தான் போகும். பத்தாவதில் படித்ததை இருபது வருஷம் கழித்து அடுப்பங்கரையில் புரிந்துகொண்டேன். மூடி போட்டுச் சமையுங்கள். பாத்திரத்தின் அடியைத் தாண்டித் தீ வெளியே வரக் கூடாது. தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் பர்னர் ஓட்டை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அடுப்பு ஆறின பிறகு ஊசியால் குத்திக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். சிலிண்டர் மாட்டின தேதியைக் காலண்டரில் எழுதி வைக்கிறேன். முன்பு 38 நாள் வந்தது, இப்போது 46, 47 நாள் வருகிறது.

பலன் என்ன என்று கேட்பீர்கள். மழைக்காலக் கணக்கைக் காட்டினால் அது ஏமாற்று, அப்போது மின்விசிறியே ஓடாது. அதனால் கோடைக்குக் கோடையே சொல்கிறேன். மறு வருஷம் அதே மாதங்களில் எங்கள் வெள்ளை அட்டையில் எழுதினது 196 யூனிட். அத்தையின் மின்விசிறி ஓடினதும் அதில் சேர்த்திதான். 300 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் குறைந்தது. அந்தப் பணத்தை வேறு எதற்கும் எடுக்காமல் குழுத் தவணைக்கே வைத்தேன். அந்தக் கோடையில் ஊராட்சி மோட்டார் நாலு நாள் பழுதாகிவிட்டது. கிழக்குத் தெருவிலிருந்து எங்கள் வீட்டுக்குக் குடத்தோடு வந்தார்கள். முந்தின கோடையில் கலங்கலாக வந்த எங்கள் போர் அந்த நாலு நாளும் தெளிவாகத் தண்ணி கொடுத்தது.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். சில விஷயத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது. குடிக்கிற தண்ணியைக் குறைக்காதீர்கள். கக்கூஸ் போக வேண்டி வருமே என்று தண்ணி குடிக்காமல் இருக்கிற பெண்கள் நம்மில் எத்தனை பேர்! அது நீர்க்கடுப்பில்தான் கொண்டுபோய் விடும். கை கழுவுகிற தண்ணி, மாதவிலக்கு நேரத்தில் சுத்தத்துக்கு வேண்டிய தண்ணி, கைக்குழந்தைக்கும் வயசானவருக்கும் ஓடுகிற மின்விசிறி, ராத்திரி நாம் நடக்கிற பாதையில் வெளிச்சம், இவை எல்லாம் தேவை. வீண் எது, தேவை எது என்று தெரியாமல் மிச்சம் பிடித்தால், வீட்டில் யார் வாய் திறக்காமல் இருக்கிறாரோ அவர் தலையில்தான் அது விழும். எங்கள் வீட்டில் அத்தை தலையில் விழுந்தது. பல வீட்டில் அது நம் தலையில் விழுகிறது.

நோட்டு இருந்தால் அது நடக்காது. அலாரம் மகள் வைக்கிறாள், டிவி சுவிட்ச் மகன், குழாய் அவர், மீட்டர் நான். அத்தை சும்மா இருப்பதில்லை. தொட்டி நிறைகிற சத்தம் அலாரத்துக்கு முன்னால் அவருக்குத்தான் கேட்கிறது.

கூட்டமைப்புக்கு என்னுடைய ஒரு வேண்டுகோள். நம் எல்லாக் குழுவிலும் வாரம் சேமிப்பு வசூலிக்கும்போது, ஒவ்வொருவரும் அந்த வார மீட்டர் எண்ணையும் சொல்ல வேண்டும் என்று தீர்மான நோட்டில் எழுத வேண்டும். ஏறினால் கேலி செய்ய வேண்டாம். எங்கே போகிறது என்று சேர்ந்து தேடுவோம். என் வீட்டுக் கணக்கை நான் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு அக்கா கேட்ட கேள்வியாலும், இன்னொரு அக்கா சொன்ன சொல்லாலும்தான் கண்டுபிடித்தேன்.

வீட்டுக்குப் போனதும் ஒரு பழைய நோட்டை எடுத்து இன்றைய தேதியைப் போடுங்கள். மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். அடுத்த விழாவில் நீங்கள் பேச வேண்டும், நான் கீழே உட்கார்ந்து கேட்க வேண்டும்.